கோட்டைக்குள் ஒரு நாள்: திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை நடந்தே பார்க்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் தக்கலைப் பக்கத்துப் பெரியவர்கள் திருவனந்தபுரம் என்று முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘திருவந்திரம் போயிட்டு வாறேன்’ என்பார்கள், ஏதோ பக்கத்துத் தெருவுக்குப் போவது மாதிரி. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் இந்தப் பக்கம் சேரும்வரை அதுதான் எங்களுக்குத் தலைநகர். வழக்கா, படிப்பா, வைத்தியமா, கல்யாணத்துக்குத் துணியா, எதுவானாலும் வடக்கே பார்த்துத்தான் வண்டி ஏறினார்கள். எல்லைக்கோடு மாறிவிட்டது, அந்த வாய்ப்பழக்கம் மாறவில்லை.

ஆனால் இப்போது நம் ஊர்களிலிருந்து வேன் பிடித்துப் போகிறவர்கள் பார்ப்பது என்ன? பத்மநாபசாமியைச் சேவிப்பது, கோவளத்தில் காலை நனைப்பது, ராத்திரிக்குள் வீடு. கோட்டைக்குள் இருந்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் வரிசையில். நானும் சின்ன வயதில் நாலைந்து முறை அப்படித்தான் போனேன். பிறகு ஒரு முறை தனியாகப் போய், கடைசி ரயில்வரை சும்மா சுற்றியபோதுதான் அந்த ஒரு வட்டாரத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. அதிலும் தமிழ் தெரிந்த காதுக்கும் கண்ணுக்கும் அங்கே கிடைப்பது மற்றவர்களுக்குக் கிடைக்காது.

மொத்த நடை ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் போகாது. எதை முன்னால் பார்ப்பது, எதைப் பின்னால் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். கோயில் நடைக்கு ஒரு நேரம், அரண்மனைக் கதவுக்கு ஒரு நேரம், வெயிலுக்கு ஒரு நேரம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால் மூன்றையும் சமாளிக்கலாம்.

புறப்படும் முன்

முதலில் கிழமை. திங்கட்கிழமை வேண்டாம். கோயிலை ஒட்டிய அரண்மனையான குதிரைமாளிகைக்கு அன்று விடுமுறை. வழியில் பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தாலும் அங்கேயும் திங்கள் விடுமுறைதான். மதினியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை போய் இரண்டு பூட்டுகளைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன். மதினி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

மாதம் என்றால் மார்கழி, தை. ஆனி ஆடியில் மழை வெளுத்து வாங்கும், ஐப்பசியில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு வரும். மழையிலும் போகலாம், கோட்டைக்குள் ஈரம் தனி அழகு. ஆனால் சாலைக் கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீரில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

அடுத்தது உடை. இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பத்மநாபசாமி கோயிலுக்குள் ஆண்கள் வேட்டி மட்டும்தான், மேலே சட்டையோ பனியனோ கூடாது. பெண்கள் சேலை, கேரளத்து இரட்டைத்துணி உடையான முண்டும் நேரியதும், பாவாடை தாவணி. சுடிதார் போட்டு வந்தவர்கள் அதன் மேல் முண்டு சுற்றிக்கொண்டால் விடுவார்கள். வேட்டியை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். வாசல் கடைகளில் கிடைக்கும், ஆனால் அவசரத்தில் வாங்குகிறவன் முகம் வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். நான் முதல் முறை அங்கே வாங்கிய முண்டு கஞ்சி மொடமொடப்பில் இடுப்பில் நிற்கவே இல்லை. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாமி கும்பிட்டேன்.

செல்போன், கேமரா, தோல் பை எதுவும் உள்ளே போகாது. பாதுகாப்பறையில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. கூட வருகிற நண்பர்கள் வேறு மதத்தவர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்துச் சங்கடப்பட வேண்டாம். அவர்களுக்கும் குளக்கரையும் அரண்மனையும் தெருக்களும் இருக்கின்றன.

காலை 7 மணி: தம்பானூரில் இறங்கி

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வருவதே சுகம். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஊர்ப்பெயர்ப் பலகையில் எழுத்து மாறிக்கொண்டே வருவதைப் பார்க்கலாம். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே இருக்கின்றன. பேருந்து நிலையத்தை ஒட்டி, திருகிக்கொண்டு மேலே போகிற செங்கல் கூண்டு மாதிரி ஒரு கட்டடம் நிற்கும். இந்தியன் காபி ஹவுஸ், கட்டியவர் லாரி பேக்கர். உள்ளே படிக்கட்டு கிடையாது. தரையே சரிவாகச் சுற்றிச் சுற்றி மேலே போகும், அந்தச் சரிவின் ஓரத்திலேயே மேசைகள். காபி சுமார்தான். ஆனால் கட்டடத்துக்காக ஒரு காபி குடிக்கலாம்.

அங்கிருந்து கிழக்கேகோட்டை ஒரு கிலோமீட்டர் அளவு. ஆட்டோ வேண்டாம். ஓவர்பிரிட்ஜ் முக்கில் தெற்கே திரும்பினால் வழியில் பழவங்காடி கணபதி. இந்தக் கோயிலைப் பராமரிப்பது இந்திய ராணுவம் என்பது பலருக்குத் தெரியாது. திருவிதாங்கூர் நாயர் படையினர் பத்மநாபபுரத்தில் வைத்துக் கும்பிட்ட பிள்ளையார் இவர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகர் இங்கே மாறியபோது படையோடு பிள்ளையாரும் வந்துவிட்டார். அந்தப் படை பிறகு இந்திய ராணுவத்தில் சேர, கோயிலும் கூடவே போனது. இங்கே நேர்ச்சை தேங்காய் உடைப்பது. சிதறும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். எங்கள் ஊர்ப் பிள்ளையார் என்ற உரிமையில் நானும் ஒன்று உடைத்துவிட்டுத்தான் மேலே நடப்பேன்.

கோட்டை வாசலும் ஒரு வயலும்

கிழக்கேகோட்டை வாசல் வெள்ளை அடித்த பழைய வளைவு. பேருந்துகளும் மீன் வண்டிகளும் அதை முட்டிக்கொண்டு போகும் அவசரத்தில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நீங்கள் இரண்டு நிமிடம் நில்லுங்கள். கோட்டையை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது மார்த்தாண்ட வர்மா காலத்து வேலை. 1729 முதல் 1758 வரை ஆண்ட அவர், 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ‘பத்மநாபதாசன்’ என்ற பெயரில் ஆண்டார். திருப்படித்தானம் என்பது அதற்குப் பெயர். அதற்குப் பிறகு அரசனை எதிர்ப்பது சாமியை எதிர்ப்பது என்று ஆகிவிட்டது. கெட்டிக்காரர்.

வாசலுக்கு எதிரே, சாலைத் தெருப் பக்கம் ஒரு மைதானம் இருக்கிறது. கண்காட்சி, அரசியல் கூட்டம், சர்க்கஸ் எல்லாம் அங்கேதான். பெயர் புத்தரிக்கண்டம். புத்தரி என்றால் புது அரிசி, கண்டம் என்றால் வயல். பத்மநாபசாமிக்குப் புது நெல் போன வயல் அது. நம்மாழ்வார் இந்த ஊரைப் பாடிய 11 பாசுரங்கள் திருவாய்மொழியில் இருக்கின்றன, அதில் அனந்தபுரம் வயல் சூழ்ந்த ஊராகத்தான் வருகிறது. மலைநாட்டுத் திவ்யதேசங்கள் 13இல் இதுவும் ஒன்று. பஸ் ஹாரன் காதைப் பிளக்கும் இடத்தில் நின்று அந்த வயலை நினைத்துப் பார்க்கலாம்.

காலை 8 முதல் 11 வரை: பத்மநாபசாமி

காலையில் நடை ஒரே மூச்சில் திறந்திருக்காது. பூசைக்கு ஏற்ப அடைத்து அடைத்துத் திறப்பார்கள். நண்பகல் 12 மணியோடு அடைத்தால் மாலை 5 மணிக்குத்தான். எட்டரை மணிக்கு வரிசையில் நின்றுவிட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம்.

உள்ளே போகுமுன் கோபுரத்தைப் பாருங்கள். கேரளக் கோயில் என்றால் ஓட்டுக்கூரை, மர அழி, விளக்குமாடம், எல்லாம் தாழ்வாக இருக்கும். இங்கே 7 நிலை, 7 பொற்கலசம், சுமார் 100 அடி உயரத்தில் நம் பாண்டிநாட்டுக் கோபுரம் நிற்கிறது. அடிக்கல் போட்டது 1566இல். உள்ளே கருவறைப் பக்கம் போனால் மலையாளப் பாணி. அந்த மேட்டுக் கல்படியில் ஏறும்போதே இரண்டு நாட்டுக் கட்டடக்கலையும் கைகுலுக்கிக்கொள்வது தெரியும். ஆண்டில் இரண்டு நாள், இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில், மேற்கே இறங்கும் சூரியன் கோபுரத்தின் நடு வாசல்கள் ஒவ்வொன்றிலும் வரிசையாகத் தெரிந்து தெரிந்து மறையும். அன்று கிழக்கு நடையில் கேமராக்காரர்கள் கூட்டம்தான்.

நுழைந்ததும் சீவேலிப்புரை. சாமி ஊர்வலம் சுற்றிவரும் கல் பிராகாரம். 365 தூணும் ஒரு கால் தூணும் என்பார்கள், ஆண்டின் நாட்கணக்கு. ஒவ்வொரு தூணிலும் விளக்கேந்திய பாவை. என் பெரியம்மை இந்தப் பாவைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘இவளுக்கு மூக்குத்தி வலப்பக்கம், அவளுக்குக் கொண்டை சாய்ஞ்சிருக்கு’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதுவரை எல்லாம் ஒரே அச்சு என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்சம் நின்று பாருங்கள், ஒருத்தி மாதிரி இன்னொருத்தி இல்லை. குலசேகர மண்டபத்தில் தட்டினால் இசைக்கும் தூண்கள் இருக்கின்றன. சுசீந்திரத்தில் கேட்டவர்களுக்குப் புதிதாக இருக்காது.

ஒற்றைக்கல் மண்டபம் கருவறைக்கு முன்னால். பெயருக்கேற்ப ஒரே கல். 20 அடிச் சதுரம், இரண்டரை அடி கனம். திருமலை என்ற பக்கத்து ஊர்ப் பாறையில் வெட்டி, மார்த்தாண்ட வர்மா காலத்தில் கொண்டுவந்தது. இதன் மேல் விழுந்து வணங்கினால் வணங்கியவருக்கு உரியது எல்லாம் சாமிக்குச் சேர்ந்துவிடும் என்பது வழக்கு. அதனால் மன்னர் மட்டுமே விழுந்து கும்பிடுவார். நாம் நின்றபடிக்குத்தான்.

பிறகு மூன்று வாசல். 18 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முதல் வாசலில் திருமுகமும், தொங்கும் வலக்கைக்குக் கீழே சிவலிங்கமும். நடு வாசலில் உந்தித் தாமரையும் பிரம்மாவும். மூன்றாவதில் திருவடி. நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களை அடுக்கி, கடுசர்க்கரை என்ற மருந்துச் சாந்து பூசி அமைத்த திருமேனி. அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது. முன்நாள் பூவைக்கூட மயில்பீலியால்தான் தள்ளி எடுப்பார்கள். உள்ளே மின்விளக்கு இல்லை, எண்ணெய் விளக்குத்தான். வெயிலிலிருந்து நேரே போனவர் கண்ணுக்கு முதல் கணம் கருப்பாகத்தான் தெரியும். பின்னால் இருப்பவர் தள்ளுவார், பொருட்படுத்தாதீர்கள். அந்தக் கண் பழகும் நேரம் உங்களுக்கு வேண்டும்.

இந்தக் கோயிலின் முதல் நைவேத்தியம் சிரட்டையில் வைத்த உப்புமாங்காய். அனந்தன்காட்டில் பெருமாளைக் கண்ட முனிவருக்குச் சட்டென்று கைக்குக் கிடைத்தது அதுதானாம். இப்போது அந்தச் சிரட்டைக்குப் பொன் பூண் கட்டியிருக்கிறார்கள், மாங்காய் அதே மாங்காய்தான்.

நிலவறைப் பொக்கிஷத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். 2011இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சில அறைகளைத் திறந்தார்கள், ‘பி’ அறையைத் திறக்கவில்லை. 2020 ஜூலையில் வந்த தீர்ப்பு, கோயில் நிர்வாகத்தில் அரச குடும்பத்தின் உரிமையை ஏற்றுக்கொண்டது. நாகம் பொறித்த கதவு என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நம்பவேண்டாம். நடையில் போய்க் காவலரிடம் ‘அறை எங்கே?’ என்று கேட்கவும் வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம்தான் அவர் முறைப்பார்.

காலை 11 மணி: மேத்தன் மணியும் குதிரைமாளிகையும்

வெளியே வந்தால் பத்மதீர்த்தக் குளம். அதற்கு எதிரே பழைய மாளிகையின் நெற்றியில் ஒரு கடிகாரம். முகப்புக்கு மேலே தாடி வைத்த ஒரு மனித முகம், இருபுறமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள். மணி அடிக்கும்போது முகம் வாயைத் திறக்க, இரண்டு கடாவும் ஓடிவந்து கன்னத்தில் முட்டும். அதுதான் மேத்தன் மணி. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே குளக்கரையில் நில்லுங்கள். பதினொரு முட்டு கிடைக்கும். பிள்ளைகள் கூட வந்தால் பன்னிரண்டுக்கும் நிற்கவேண்டி வரும்.

பக்கத்திலேயே புத்தன்மாளிகை. கூரை விளிம்புக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள் செதுக்கியிருப்பதால் ஊர்வாயில் குதிரைமாளிகை. கட்டியவர் சுவாதித் திருநாள். 1829இல் பட்டத்துக்கு வந்து 1846இல் 33 வயதில் போய்விட்டவர். ஆசையாகக் கட்டிய வீட்டில் அதிக நாள் இருக்கக் கொடுத்துவைக்கவில்லை. அதன்பின் மாளிகை நெடுங்காலம் பூட்டியே கிடந்தது. அனுமதிச் சீட்டோடு சில அறைகளைத்தான் காட்டுகிறார்கள். தந்தச் சிம்மாசனமும் படிகச் சிம்மாசனமும் எல்லோரும் பார்ப்பது. எனக்குப் பிடித்தது மாடியில் ஒரு சிறிய மூலை. அங்கிருந்து சன்னல் வழியே கோபுரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் கீர்த்தனை இயற்றினார் என்று வழிகாட்டுபவர் சொல்வார். பல மொழிகளில் பாட்டெழுதியவர். அரண்மனை அவைக்குத் தஞ்சாவூரிலிருந்து வடிவேலு நட்டுவனாரும் உடன்பிறந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். ‘பந்தநல்லூர், தஞ்சாவூர்’ என்று நாம் பேசும் பரதப் பரம்பரையின் ஒரு நூல் இந்த முற்றத்தில் ஓடுகிறது. தரையைப் பாருங்கள். சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் கலந்து போட்ட கருந்தரை, பத்மநாபபுரத்தில் இருக்கிற அதே பக்குவம். வெறுங்காலுக்குக் குளுகுளு என்று இருக்கும்.

ஜனவரியில் இந்த முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும். கட்டணம் கிடையாது. தரையில் உட்கார்ந்து கேட்கலாம். அந்த நாட்களில் உங்கள் பயணம் அமைந்தால் மாலை ரயிலை மறந்துவிடுங்கள்.

நண்பகல்: போளி சாப்பிடும் முறை

கோட்டைக்குள் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் சாப்பாட்டின் முடிவில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். போளியும் பால்பாயசமும். கேரளத்தில் வடக்கே போனால் சத்யையில், அதாவது இலை போட்ட விருந்தில், போளியைக் காணமுடியாது. திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு அது இல்லாமல் சத்யை இல்லை. நம் பக்கத்திலிருந்து போன பலகாரம்தான். நாம் நெய் தடவி வெறுமே சாப்பிடுவோம், இவர்கள் அதைப் பாயசத்துக்குத் துணை ஆக்கிவிட்டார்கள்.

முறை இப்படி. மஞ்சள் நிறத்தில், கைக்குட்டை மாதிரி மெலிந்த போளி இலையில் விழும். அதை நான்காகக் கிழித்து நடுவில் குழி பண்ணிக்கொள்ள வேண்டும். பால்பாயசம் அதன் மேல் வரும். கரண்டி தேடாதீர்கள். ஓரத்திலிருந்து விரலால் பிசைந்து, போளி பாதி ஊறியும் பாதி ஊறாமலும் இருக்கும்போது வழித்து வாயில் போடவேண்டும். முழுக்க ஊறிவிட்டால் கூழ், ஊறாவிட்டால் தனித்தனி. இடைப்பட்ட அந்த அரை நிமிடம்தான் ருசி. பக்கத்து இலைக்காரர் எப்படிச் செய்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் படித்தேன்.

அசைவம் வேண்டுமென்றால் சாலைத் தெருவுக்குள் கேத்தல் சிக்கன். சின்னக் கோழியை மிளகாய்த் தூளோடு பொரித்துச் சப்பாத்தியோடு கொடுப்பார்கள். கூட எலுமிச்சைச் சாறு. இந்த ஊர்ப் பேச்சில் அதற்குப் போஞ்சி என்று பெயர். ‘ஒரு போஞ்சி’ என்று கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முகம் மலரும்.

மதியம் 2 மணி: கோட்டைத் தெருக்களும் ஓலைகளும்

வெயில் நேரத்தை நிழலில் கழிக்க, கோட்டை வட்டாரத்திலேயே ஆவணக் காப்பகத்தின் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் இருக்கிறது. 2022 டிசம்பரில் திறந்தது. நம் ஆட்கள் யாரும் போவதாகத் தெரியவில்லை, அதுதான் எனக்கு வருத்தம். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மலையாளம் தனி எழுத்தாகும் முன் இரண்டு மொழிக்கும் இடையே கோடு எவ்வளவு மெல்லியது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இங்கே கண்ணால் பார்த்துவிடலாம். வட்டெழுத்தில் ‘ப’வும் ‘வ’வும் படுத்துகிற பாட்டில் தோற்றுப்போய்த்தான் நான் வெளியே வந்தேன்.

மேற்குக் கோட்டைப் பக்கம் மார்கி என்ற அமைப்பு கதகளியும் கூடியாட்டமும் நடத்துகிறது. மாலை நிகழ்ச்சி உண்டா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். களரிப்பயிற்று சொல்லித்தரும் சி.வி.என். களரி 1956இல் தொடங்கியது. பயிற்சி நடப்பது அதிகாலையில், ஆகவே முந்தின இரவே தங்குகிறவர்களுக்கு மட்டும்.

மாலை 3.30: சாலை, ஆரியசாலை, வலியசாலை

கோட்டை வாசலுக்கு எதிரே கிழக்கே போகும் தெருதான் சாலை. சாலைக் கம்போளம் என்பார்கள், கம்போளம் என்றால் சந்தை. 18ஆம் நூற்றாண்டில் இதை உருவாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். விளவங்கோட்டுப் பக்கத்தில், இன்றைய குமரி மாவட்டத்தில் பிறந்தவர். தலைநகருக்குச் சரக்கு வந்து சேர ஒரு தெரு வேண்டும் என்று போட்டது, இரண்டு நூற்றாண்டு தாண்டியும் மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கிறது.

இங்கே மலையாளம் பேச முயலவேண்டாம், தமிழே போதும். கடைப்பலகையில் மலையாளம், கல்லாவில் தமிழ். நெல்லை, நாகர்கோவில், மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாய்க் கடை வைத்திருப்பவர்கள். ‘எந்தரு அப்பி வேணும்?’ என்று வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி ‘எலே, அந்த மூட்டைய எடுத்துப் போடு’ என்று தம்பியிடம் கத்துவார் முதலாளி. ஒரே மூச்சில் இரண்டு நாடு.

பார்க்கவேண்டியது பாத்திரக்கடைச் சந்தும் பூக்கடைகளும். வார்ப்பு, உருளி, நிலவிளக்கு எல்லாம் எடை போட்டு விற்பார்கள். பேரம் பேசலாம், ஆனால் எடையில் பேசுங்கள், விளக்கின் விலையில் அல்ல. பூ முக்காலும் தோவாளையிலிருந்து வருவது. ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் தெருவே செவ்வந்தியும் வாடாமல்லியுமாகக் கிடக்கும். மலையாளி வீட்டு அத்தப்பூக்களத்தில் பாதி நம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் பூத்தது. தோவாளை மாணிக்கமாலை தெரியுமா? அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்து மாணிக்கக் கல் பதித்த மாதிரி தட்டையாகக் கட்டுவது. அது பேர்பெற்றதே பத்மநாபசாமிக்குச் சாத்தித்தான்.

தெருவோடு போனால் ஆரியசாலை, அப்பால் வலியசாலை. இங்கே இரைச்சல் சட்டென்று அடங்கும். நீளமான அக்கிரகாரம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வாசலில் கோலம். நடுவே காந்தளூர் மகாதேவர் கோயில். ‘காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளி’ என்று முதலாம் ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வருமே, அந்தக் காந்தளூர்ச் சாலை இதுதான் என்று பலர் சொல்கிறார்கள். கலம் என்றால் கப்பலா, சாலையில் படித்தவர்களுக்குச் சோறிட்ட உண்கலமா என்று அறிஞர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நின்று படித்த வரியின் மறுமுனை இந்தத் தெருவில் சைக்கிளும் பால்பாக்கெட்டுமாக இருப்பதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும். வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். ஆட்கள் குடியிருக்கும் தெரு, கண்காட்சி அல்ல. ஒரு மாமி என்னிடம், ‘எங்காத்துக் கோலத்தை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?’ என்றார். கேட்ட பிறகு அவரே விளக்கையும் ஏற்றி வைத்துவிட்டு எடுக்கச் சொன்னார்.

காலில் தெம்பிருந்தால் கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஆற்றுகால். மதுரையை எரித்துவிட்டுக் கண்ணகி வந்து தங்கிய இடம் என்பது நம்பிக்கை. மாசி மாதப் பொங்காலை அன்று நகரமே அடுப்பாகிவிடும். 2009இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் பதிவு. அன்று பொங்கலிடப் போகிறவர்கள் மட்டும் போங்கள், சுற்றிப்பார்க்க அல்ல.

எப்போது போனால் கோட்டை விழித்திருக்கும்

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்து நாள் திருவிழா. பங்குனிக்குக் கிழக்கு நடையில் பாண்டவர் ஐவரின் ஆளுயரத்துக்கு மிஞ்சிய உருவங்கள் நிற்கும். முடிவில் ஆறாட்டு, சாமி நீராடப் போவது. மேற்குக் கோட்டை வழியாகச் சங்குமுகம் கடற்கரைக்குச் சாமி போகும் பாதை 1932இல் வந்த விமான நிலையத்துக்குள் மாட்டிக்கொண்டது. பாதையை மாற்றவில்லை. ஆண்டுக்கு இரண்டு நாள் விமானங்களை நிறுத்திவைத்து, ஓடுபாதை மேல் யானையோடும் வாளோடும் ஊர்வலம் போகிறது. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை 56 நாள் முறைஜபம் என்ற வேதம் ஓதுதல் முடிந்து வரும் லட்சதீபமும் உண்டு, ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நெஞ்சுரம் வேண்டும்.

என்னைக் கேட்டால் நவராத்திரி. ஏனென்றால் அது நம் வாசலிலிருந்து தொடங்குகிறது. பத்மநாபபுரம் அரண்மனைத் தேவாரக்கட்டில் இருக்கும் சரஸ்வதி, கம்பர் பூசித்தது என்று சொல்லும் திருமேனி, யானை மேல் புறப்படுவாள். வேளிமலைக் குமாரகோயில் முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். அரண்மனை உப்பரிகையிலிருந்து மன்னரின் உடைவாள் எடுத்துக் கொடுக்க, வாள் முன்னே போகும். முதல் இரவு குழித்துறை, அடுத்த இரவு நெய்யாற்றின்கரை, மூன்றாம் நாள் கோட்டை. களியக்காவிளையில் இந்தப் பக்கத்துக் காவலர்கள் மரியாதை செய்து விட, அந்தப் பக்கத்துக் காவலர்கள் மரியாதை செய்து வாங்கிக்கொள்வார்கள்.

கோட்டையில் சரஸ்வதி நவராத்திரி மண்டபத்தில் அமர்வாள். முருகன் ஆரியசாலையில், நங்கை செந்திட்டையில். நீங்கள் மாலையில் நடந்த அதே வட்டாரம்தான். மண்டபத்தில் ஒன்பது மாலையும் கச்சேரி. ஒவ்வொரு நாளும் இன்ன ராகத்தில் சுவாதித் திருநாளின் இன்ன கீர்த்தனை என்று விதி. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி. எண்ணெய் விளக்கு வெளிச்சம், கைதட்டக் கூடாது. பெண்கள் பாடக்கூடாது என்றிருந்த வழக்கத்தை 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடி முடித்துவைத்தார். கச்சேரி மாலை 6 மணிக்குத் தொடங்கும் என்றால் 5 மணிக்கே போய்த் தரையில் இடம் பிடியுங்கள். ஆண்கள் வேட்டியோடு, மேல்சட்டை இல்லாமல். தூணுக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், பாட்டு கேட்கும், பாடுகிறவர் தெரியமாட்டார்.

விஜயதசமி முடிந்து ஒரு நாள் ‘நல்லிருப்பு’, பிறகு மூவரும் ஊர் திரும்புவார்கள். கோட்டைக்கு வர வாய்க்காதவர்கள் அந்தத் திரும்பும் நாட்களில் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றால் போதும். எங்கள் அம்மை வாசலில் நிலவிளக்கும் நிறைநாழியும் தாம்பாளமும் வைத்துக் காத்திருப்பாள். யானை முக்கு திரும்பியதும், ‘மக்கா, வந்தாச்சு, சாம்பிராணியைப் போடு’ என்பாள்.